தலைமையும் மேலாண்மையும்: வேறுபாடு மனிதரிலா, வேலையிலா?

ஒரு நிறுவனத்தை நடத்துவதும் அதற்குத் தலைமை தாங்குவதும் ஒரே வேலையா? நூறாண்டுகளுக்கும் மேலாக இக்கேள்விக்கு விடைகள் வந்துகொண்டே இருக்கின்றன. சுரங்கப் பொறியாளர், சமூகவியலாளர், உளப்பகுப்பாய்வாளர், பொருளியலாளர் எனப் பல துறையினர் இதைக் கையிலெடுத்திருக்கிறார்கள். ஆயினும் அவர்களிடையே இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.

இதுவரை வந்த விடைகளை மூன்று நிலைப்பாடுகளுக்குள் அடக்கலாம். முதலாவது, தலைவரும் மேலாளரும் இயல்பிலேயே வேறுபட்ட மனிதர்கள் என்பது. இரண்டாவது, மனிதர் ஒருவராகவே இருக்கலாம், அவர் செய்யும் வேலைகள்தாம் இருவகை என்பது. மூன்றாவது, நடைமுறையில் இரண்டையும் பிரிக்கவே முடியாது என்பது. இவற்றுக்கு வெளியே நின்று, நிறுவனத்தின் வெற்றி தோல்வியில் தலைமைக்கு உண்மையில் எவ்வளவு பங்கு உண்டு என்று ஐயுறுவோரும் இருக்கிறார்கள்.

இது ஏட்டோடு நின்றுவிடும் சர்ச்சையன்று. யாரை உயர்பதவிக்குத் தேர்வது, பயிற்சிக்கு ஒதுக்கிய பணத்தை எதில் செலவிடுவது, நிறுவனம் சரியும்போது எதைத் திருத்துவது ஆகிய முடிவுகள் இக்கேள்விக்கு நாம் ஏற்கும் விடையைப் பொறுத்தே அமைகின்றன.

## பிரிவினைக்கு முன்

மேலாண்மை பற்றிய தொடக்ககால எழுத்துகளில் தலைமை தனித்து நிற்கவில்லை. பிரெஞ்சுச் சுரங்க நிறுவனம் ஒன்றை நெடுங்காலம் நடத்திய ஹென்றி ஃபயோல், 1916-இல் தம் அனுபவத்தைக் கோட்பாடாக எழுதினார். திட்டமிடல், அமைத்தல், ஆணையிடல், ஒருங்கிணைத்தல், கட்டுப்படுத்தல் ஆகிய ஐந்தும் அவர் வகுத்த நிர்வாகப் பணிகள். பிற்காலத்தில் தலைமை என்று பேசப்பட்டதில் பெரும்பகுதி அவரிடம் ஆணையிடல் என்ற ஒற்றைத் தலைப்பின் கீழ் அடங்கியிருந்தது. ஆனாலும், நிறுவனம் முழுவதையும் அதன் இலக்கை நோக்கிச் செலுத்துவது நிர்வாகத்தைவிட அகலமான பணி என்பதை அவர் குறிப்பிடத் தவறவில்லை.

ஏறத்தாழ அதே காலத்தில் ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர், அதிகாரத்தின் ஊற்றுகளை மரபு, தனிமனித ஈர்ப்பு, சட்டமும் விதியும் என மூன்றாகப் பிரித்தார். பிற்கால எழுத்தாளர்கள் தலைவருக்கு ஈர்ப்பையும் மேலாளருக்கு விதியையும் பங்கிட்டுக் கொடுத்தபோது வெபரிடமிருந்தே கடன் வாங்கினார்கள். ஆனால் அவர் சொன்னதில் ஒரு பகுதியை விட்டுவிட்டார்கள். ஈர்ப்பால் எழுந்த அதிகாரம் நிலைக்க வேண்டுமானால், அது காலப்போக்கில் பதவிகளாகவும் நடைமுறைகளாகவும் மாறியாக வேண்டும் என்பது வெபரின் கருத்து. இரண்டும் எதிரெதிர் முகாம்களாக இல்லாமல் ஒரே வரலாற்றின் இரு கட்டங்களாகவும் இருக்கலாம் என்பதற்கு இதில் இடமுண்டு.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஃபிலிப் செல்ஸ்னிக் 1957-இல் இன்னும் தெளிவான கோட்டைப் போட்டார். அன்றாட முடிவுகள் வேறு, ஒரு நிறுவனத்தின் இயல்பையே தீர்மானிக்கும் முடிவுகள் வேறு. முதல் வகைக்கு நிர்வாகத் திறமை போதும். இரண்டாம் வகைக்கே தலைமை தேவை. வெறும் கருவியாக இருக்கும் ஓர் அமைப்பு, அதில் உள்ளவர்கள் போற்றிக் காக்க விரும்பும் விழுமியங்களைப் பெறும்போது நிலைபெற்ற நிறுவனமாகிறது என்றும், அந்த மாற்றத்தை நிகழ்த்துவதே தலைமையின் பணி என்றும் அவர் வாதிட்டார். வேறுபாட்டின் பிறப்பை 1977-இல் தொடங்கும் வழக்கம் பரவலாக இருந்தாலும், இருபது ஆண்டுகளுக்கு முன்பே அதன் வலுவான வடிவம் ஒன்று வந்துவிட்டது.

## முதல் நிலைப்பாடு: இருவேறு மனிதர்கள்

1977-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் ஆபிரகாம் சலஸ்னிக் எழுதிய கட்டுரைதான் இக்கேள்வியைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் பேராசிரியரான அவர் உளப்பகுப்பாய்விலும் பயிற்சி பெற்றவர். அவர் கணிப்பில் மேலாளர் ஒழுங்கை நாடுபவர். முரண்படும் தரப்புகளுக்கு இடையே சமரசம் காண்பவர், மனிதர்களை அவர்கள் வகிக்கும் பொறுப்பின் வழியே பார்ப்பவர். தலைவரோ ஒழுங்கின்மையைப் பொறுத்துக்கொண்டு புதிய வழி தேடுபவர், மனிதர்களோடு ஆழ்ந்த, சிலவேளை கொந்தளிப்பான உறவு கொள்பவர். வேறுபாட்டின் வேரை அவர் ஆளுமை வளர்ச்சியிலேயே கண்டார். சூழலோடு இயல்பாகப் பொருந்தி வளர்ந்தவர்கள் மேலாளராகிறார்கள். அப்படிப் பொருந்தாமல் தம்மைத் தாமே மீண்டும் உருவாக்கிக்கொண்டவர்கள் தலைவராகிறார்கள்.

அடுத்த ஆண்டே அரசியல் வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் மக்ரிகர் பர்ன்ஸ் இன்னொரு பிரிவினையை முன்வைத்தார். கொடுத்து வாங்கும் பரிமாற்றத்தால் நடக்கும் தலைமை ஒன்று. பின்பற்றுவோரையும் தலைவரையும் சேர்த்தே உயர்த்தி மாற்றும் தலைமை மற்றொன்று. பர்ன்ஸ் அரசியலைப் பற்றி எழுதினார். இரண்டையும் தலைமையின் வகைகளாகவே கொண்டார். 1985-இல் பெர்னார்ட் பாஸ் அதை நிறுவனங்களுக்குக் கொண்டுவந்து வினாப்பட்டியல்களால் அளக்கத் தொடங்கினார். நாளடைவில் பரிமாற்றம் மேலாளருக்கும் மாற்றம் தலைவருக்கும் உரியவை என்ற எளிய சமன்பாடு வழக்கில் நிலைத்தது. அதே ஆண்டில் வாரன் பென்னிஸும் பர்ட் நானஸும் எழுதிய நூல், முறையாகச் செய்பவர் மேலாளர், முறையானதைச் செய்பவர் தலைவர் என்ற பொருளில் இதைச் சுருக்கித் தந்தது. இன்றுவரை பயிற்சி வகுப்புகளில் திரும்பத் திரும்ப ஒலிப்பது அந்தச் சுருக்கமே.

இந்த நிலைப்பாடு அந்தக் காலத்தில் வேரூன்றியதற்கு அமெரிக்கத் தொழில்துறையின் கவலையும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஜப்பானியப் போட்டியில் அமெரிக்க நிறுவனங்கள் பின்தங்கிய காலம் அது. குறுகியகால நிதிக்கணக்கில் மூழ்கிய மேலாளர்களே இந்த வீழ்ச்சிக்குப் பொறுப்பு என்று ராபர்ட் ஹேய்ஸும் வில்லியம் அபர்நாதியும் 1980-இல் குற்றம் சாட்டினர். தொலைநோக்குள்ள தலைவர்கள் வேண்டும் என்ற குரல் அதற்கு மறுமொழியாக எழுந்தது. ஆனால் ஜப்பானிய ஆலைகளின் வலிமையில் பெரும்பங்கு தரக்கட்டுப்பாடு, இருப்பு மேலாண்மை, தொழிற்கூடத்தின் அன்றாடச் சீரமைப்பு ஆகியவற்றில் இருந்தது. தரத்துக்கான டெமிங் பரிசு அங்கே 1951-இலேயே தொடங்கிவிட்டது. நல்ல மேலாண்மையிடம் தோற்றவர்கள் அதற்கு மருந்தாகத் தலைமையைக் கேட்டார்கள் என்பது இந்த வரலாற்றின் விசித்திரம்.

கோட்பாட்டளவிலும் குறைகள் உண்டு. சலஸ்னிக்கின் சான்றுகள் சில வாழ்க்கை வரலாறுகளே. அவர் மேலாளருக்கு எடுத்துக்காட்டாகக் காட்டியவர்களில் ஜெனரல் மோட்டார்ஸின் ஆல்ஃப்ரட் ஸ்லோன் ஒருவர். அந்த ஸ்லோன்தான், தொலைநோக்கின் அடையாளமாகக் கொண்டாடப்பட்ட ஹென்றி ஃபோர்டின் நிறுவனத்தைத் தம் நிறுவனம் முந்திச் செல்ல வழிசெய்தவர். பலவகை வாங்குவோருக்குப் பலவகைக் கார்கள், தன்னாட்சியுள்ள பிரிவுகள், மையத்தில் நிதிக் கட்டுப்பாடு என்ற அவருடைய அமைப்பு வெறும் ஒழுங்குபடுத்தலா, தொழிலின் திசையையே மாற்றிய பார்வையா? ஆளுமை வகையை வைத்து இதற்கு விடை சொல்வது கடினம்.

## இரண்டாம் நிலைப்பாடு: இருவேறு வேலைகள்

ஜான் காட்டர் 1990-இல் வேறுபாட்டை மனிதரிலிருந்து வேலைக்கு நகர்த்தினார். பெரிய நிறுவனங்களின் சிக்கலைச் சமாளிப்பது மேலாண்மை. மாற்றத்தைச் சமாளிப்பது தலைமை. திட்டமும் வரவு செலவுக் கணக்கும் ஒரு பக்கம் என்றால், திசை வகுப்பது மறுபக்கம். பதவிகளை அமைத்து ஆள் நியமிப்பது ஒரு பக்கம், அந்தத் திசையை நோக்கி மனிதர்களை இணங்கச் செய்வது மறுபக்கம். கண்காணித்துக் குறைகளைக் களைவது ஒரு பக்கம், ஊக்கம் குன்றாமல் பார்த்துக்கொள்வது மறுபக்கம். நிறுவனத்துக்கு இரண்டும் தேவை, ஒருவரே இரண்டையும் செய்யவும் கூடும் என்று காட்டர் கூறியது முதல் நிலைப்பாட்டின் உளவியல் சுமையைக் குறைத்தது.

இதன் பயன் வெளிப்படையானது. ஒரு நிறுவனம் எங்கே தடுமாறுகிறது என்று ஆராய இது கைகொடுக்கும். கணக்குகள் சீராக இருந்தும் எங்கே போகிறோம் என்று யாருக்கும் தெரியாத நிறுவனங்கள் உண்டு. எங்கே போகிறோம் என்று எல்லோருக்கும் தெரிந்தும் மாதக் கடைசியில் சம்பளம் தர முடியாதவையும் உண்டு. இரண்டுக்கும் ஒரே மருந்து இல்லை.

ஆனால் கோடுகள் காட்டர் வரைந்த அளவுக்கு நேராக இல்லை. வரவு செலவுத் திட்டத்தில் எதற்குப் பணம், எதற்கு இல்லை என்று முடிவாகும்போதே திசையும் முடிவாகிவிடுகிறது. யாரைப் பதவியில் அமர்த்துகிறோம் என்பதைவிட உரக்கப் பேசும் கொள்கை அறிக்கை எதுவும் இல்லை. அமைதிக்கால இராணுவத்துக்கு நிர்வாகம் பெருமளவு போதும், போர்க்காலத்தில் எல்லா மட்டங்களிலும் தலைமை வேண்டும் என்ற காட்டரின் உவமையும் பாதியளவே பொருந்துகிறது. உணவு, எரிபொருள், வெடிமருந்து, போக்குவரத்து ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் மேலாண்மை உச்சத்தில் தேவைப்படுவதும் போர்க்காலத்தில்தான். மாற்றம் மிகும்போது மேலாண்மையின் தேவை குறைவதில்லை. பெரும்பாலும் அதுவும் சேர்ந்தே கூடுகிறது.

## மூன்றாம் நிலைப்பாடு: பிரிக்க முடியாதவை

ஹென்றி மின்ட்ஸ்பெர்க் இக்கேள்வியைக் கண்காணிப்பால் அணுகினார். ஐந்து தலைமை நிர்வாகிகளை ஆளுக்கு ஒரு வாரம் உடனிருந்து கவனித்து, 1973-இல் வெளியிட்ட நூலில் மேலாளரின் பணியைப் பத்துப் பாத்திரங்களாக வகுத்தார். அவற்றுள் தலைவர் என்பது ஒன்று மட்டுமே. அந்த நிர்வாகிகளின் செயல்களில் பாதி ஒன்பது நிமிடங்களுக்குள் முடிந்தன. தொலைபேசி, திடீர்ச் சந்திப்பு, சிறு சச்சரவு, வதந்தி என்று சிதறிக் கிடந்த அந்த நாளில் இது தலைமை, இது மேலாண்மை என்று தனித்தனியே எடுத்துவைக்க வழியில்லை. மேலாண்மை தெரியாத தலைவர் தம் நிறுவனத்தில் என்ன நடக்கிறது என்பதையே அறியமாட்டார் என்ற வாதத்தை அவர் பிற்காலத்திலும் தொடர்ந்து வலியுறுத்தினார்.

சுவீடனைச் சேர்ந்த மாட்ஸ் ஆல்வெசனும் ஸ்டெஃபான் ஸ்வெனிங்சனும் 2003-இல் வெளியிட்ட ஆய்வுகள் வேறொரு திசையிலிருந்து இதே இடத்துக்கு வருகின்றன. அறிவுசார் நிறுவனம் ஒன்றின் மேலாளர்கள் தங்கள் தலைமைப் பணியைப் பற்றிப் பெரிதாகப் பேசினார்கள். அன்றாடம் என்னதான் செய்கிறீர்கள் என்று துருவிக் கேட்டபோது, அந்தப் பெரிய பேச்சு கரைந்து நிர்வாக வேலைகளே மிஞ்சின. காதுகொடுத்துக் கேட்பது, நலம் விசாரிப்பது போன்ற சாதாரணச் செயல்கள், செய்பவர் மேலாளர் என்பதாலேயே தலைமை என்ற சிறப்புப் பெயரைப் பெற்றுவிடுகின்றன என்று அவர்கள் முடிவுக்கு வந்தனர்.

இந்த நிலைப்பாட்டுக்கும் எல்லை உண்டு. ஒரே நாளில், ஒரே ஆளிடம் கலந்து கிடப்பதாலேயே இரண்டு வேலைகள் ஒன்றாகிவிடா. மேலும், அதிகாரப் பதவி எதுவும் இல்லாதவர் பிறரைத் திரட்டிச் செல்லும் நிகழ்வுகளை மேலாளரின் பணிக்குள் தலைமையை அடக்கும் அணுகுமுறையால் விளக்க முடியாது. தொழிற்சங்கங்களிலும் தன்னார்வ அமைப்புகளிலும் இது வழக்கமான காட்சி.

## தலைமை மீதான ஐயம்

ஸ்டான்லி லீபர்சனும் ஜேம்ஸ் ஓ'கானரும் 1972-இல் 167 பெரிய அமெரிக்க நிறுவனங்களின் புள்ளிவிவரங்களை ஆராய்ந்தனர். விற்பனையிலும் வருவாயிலும் காணப்பட்ட ஏற்றத்தாழ்வைத் தலைமை நிர்வாகி மாறியதைவிட, நிறுவனம் சார்ந்த துறையும் நிறுவனத்தின் நிலையும் மிகுதியாக விளக்கின. லாப விகிதத்தில் மட்டும் தலைமையின் பங்கு கணிசமாகத் தெரிந்தது. காரணிகளைக் கணக்கில் சேர்க்கும் வரிசையை மாற்றினால் விடையும் மாறுகிறது என்று பின்னர் வந்தவர்கள் சுட்டிக்காட்டினர். எனவே இதைத் தலைமைக்கு எதிரான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள இயலாது. மிகையான நம்பிக்கைக்கு ஒரு கடிவாளம் என்று கொள்வதே பொருத்தம்.

1985-இல் ஜேம்ஸ் மெய்ண்டலும் அவருடைய சக ஆய்வாளர்களும் இந்த மிகை நம்பிக்கையையே ஆய்வுப்பொருளாக்கினர். காரணம் எளிதில் புலப்படாத பெருவெற்றியையும் பெருந்தோல்வியையும் தலைவர் கணக்கில் எழுதும் பழக்கம் மனிதரிடம் உண்டு என்பதை அவர்கள் காட்டினர். ஸ்டீவன் கெரும் ஜான் ஜெர்மியரும் 1978-இலேயே இன்னொரு கருத்தைச் சொல்லியிருந்தனர். ஊழியரின் தொழிற்பயிற்சி, வேலையின் இயல்பு, தெளிவான நடைமுறைகள் ஆகியவை சில சூழல்களில் தலைமையின் இடத்தையே நிரப்பிவிடும் என்பது அது. அவ்வாறாயின், நல்ல மேலாண்மை தலைமையின் தேவையைக் குறைக்கவும் கூடும்.

## அளவீடுகள் சொல்வது

பாஸ் தொடங்கிவைத்த வினாப்பட்டியல் ஆய்வுகளை டிமோத்தி ஜட்ஜும் ரொனால்ட் பிக்கோலோவும் 2004-இல் தொகுத்துக் கணக்கிட்டனர். மாற்றவல்ல தலைமைக்கும் நற்பயன்களுக்கும் இடையிலான தொடர்பு 0.44. உழைப்புக்கேற்ற வெகுமதி என்ற பரிமாற்ற முறைக்கு அது 0.39. இரண்டும் ஒன்றோடொன்று கொண்டிருந்த தொடர்போ 0.80. தனித்தனி என்று கோட்பாடு சொன்னவை அளவீட்டில் ஏறத்தாழ ஒன்றாகவே நகர்ந்தன. நல்ல மேலதிகாரி என்ற பொதுவான மதிப்பையே ஊழியர்கள் இரு பட்டியல்களிலும் பதிவு செய்தார்களோ என்ற ஐயம் இங்கே எழுகிறது. மாற்றவல்ல தலைமை என்ற கோட்பாட்டுக்குத் தெளிவான வரையறை இல்லை என்றும், காரணமும் விளைவும் அதில் குழம்பிக் கிடக்கின்றன என்றும் டான் வான் நிப்பன்பெர்க்கும் சிம் சிட்கினும் 2013-இல் கடுமையாகவே எழுதினர்.

மேலாண்மையின் பக்கத்தில் சான்று சற்று உறுதியானது. நிக்கோலஸ் ப்ளூம் குழுவினர் மும்பைக்கு அருகிலுள்ள நெசவாலைகளில் நடத்திய சோதனை 2013-இல் வெளியானது. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆலைகளுக்கு இலவச ஆலோசனை தரப்பட்டது. தறிப் பராமரிப்பு, தரக்குறைபாடுகளைப் பதிவு செய்தல், நூல் இருப்பைக் கணக்கில் வைத்தல் போன்ற எளிய நடைமுறைகள்தாம் கற்பிக்கப்பட்டன. முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 விழுக்காடு உயர்ந்தது. தொலைநோக்கு அறிக்கையோ எழுச்சி உரையோ இதில் இல்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. சோதனை நடந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் ஆய்வாளர்கள் திரும்பிச் சென்று பார்த்தபோது, புகுத்திய நடைமுறைகளில் சுமார் பாதி கைவிடப்பட்டிருந்தன. எஞ்சியவற்றால் பிற ஆலைகளைவிட இவை முன்னிலையில் இருந்தது உண்மையே. கைவிட்டதற்குப் பெரிதும் சொல்லப்பட்ட காரணங்களில் இரண்டு: மேலாளர் மாறிப்போனது, இயக்குநருக்கு நேரமில்லாமல் போனது. நடைமுறை தானாக நிற்பதில்லை, அதை மதிக்கும் ஒருவர் மேலே இருந்தாக வேண்டும் என்று இதை வாசிக்கலாம். அந்த மதிப்பைத் தலைமை என்பதா, மேலாண்மை என்பதா என்ற கேள்வி மீண்டும் வந்து நிற்கிறது.

இக்கேள்வியை நேரடியாகச் சோதித்தது ஓரியானா பாண்டியேரா, ஸ்டீபன் ஹான்சன், அண்ட்ரியா ப்ராட், ராஃபெல்லா சாடுன் ஆகியோர் 2020-இல் வெளியிட்ட ஆய்வு. இந்தியா உட்பட ஆறு நாடுகளைச் சேர்ந்த 1,114 தலைமை நிர்வாகிகளின் நாட்குறிப்புகளைக் கணினி வழியே வகைப்படுத்தியபோது இரண்டு நடத்தைப் போக்குகள் தெரிந்தன. பல துறையினரையும் சேர்த்து மேல்மட்டக் கூட்டங்கள் நடத்துவோர் ஒரு வகை. உற்பத்தி போன்ற மையப் பணிகளில் இருப்போரைத் தனித்தனியே சந்திப்போர் மறுவகை. காட்டரைப் பின்பற்றி முதல் வகையைத் தலைவர் என்றும் இரண்டாம் வகையை மேலாளர் என்றும் அழைத்தனர். தலைவர் வகையினர் இருந்த நிறுவனங்கள் சராசரியாக மேம்பட்ட நிலையில் இருந்தன. புதிய நிர்வாகியின் தாக்கம் புலப்படச் சுமார் மூன்று ஆண்டுகள் ஆயின. ஆனால் ஆய்வாளர்கள் எட்டிய விளக்கம் கவனிக்கத்தக்கது. தலைவர் வகை எல்லா நிறுவனத்துக்கும் உயர்ந்தது என்பதற்குச் சான்று இல்லை. நிறுவனத்தின் தேவைக்கும் நிர்வாகியின் போக்குக்கும் பொருத்தம் இல்லாததே வேறுபாட்டுக்குக் காரணம்.

## அமுல் என்னும் சோதனைக்களம்

இந்த நிலைப்பாடுகளை இந்தியாவின் புகழ்பெற்ற நிறுவனம் ஒன்றில் வைத்துப் பார்ப்பது பயன்தரும். அமுல் என்ற பெயரால் அறியப்படும் குஜராத்தின் கேடா மாவட்டப் பால் கூட்டுறவு ஒன்றியம் 1946-இல் உருவானது. பால் கொள்முதலில் பால்சன் நிறுவனத்தின் ஏகபோகத்தை எதிர்த்து உழவர்களைத் திரட்டியவர் திரிபுவன்தாஸ் பட்டேல். அவர் ஒன்றியத்தின் தலைவர். 1949-இல் ஒன்றியம் இயங்கிய ஆனந்த் நகருக்கு வந்து, பின்னர் ஒன்றியத்தின் மேலாளர் பொறுப்பை ஏற்றவர் வர்கீஸ் குரியன். சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்தவர்.

பதவிப் பெயரை வைத்துப் பார்த்தால் பட்டேல் தலைவர், குரியன் மேலாளர். மக்கள் நினைவிலோ தொலைநோக்குத் தலைவராக நிற்பவர் குரியன். உழவரின் நம்பிக்கையை முதலில் ஈட்டியது பட்டேலின் திரட்டல். அந்த நம்பிக்கையைக் காத்ததோ நாளுக்கு இருமுறை பாலை அளந்து, கொழுப்பைச் சோதித்து, அதற்கேற்பப் பணம் பட்டுவாடா செய்த நடைமுறை. அந்தச் சோதனை நேர்மையாக நடந்திராவிட்டால் கூட்டுறவு என்ற கனவு முதல் கறவைப் பருவத்தைத் தாண்டியிருக்காது. இங்கே திசையும் நடைமுறையும் வெவ்வேறு வேலைகள் என்பது தெளிவாகவே தெரிகிறது. ஆனால் இவர் தலைவர், இவர் மேலாளர் என்று ஆட்களைப் பங்கிட முயன்றால் முடிவதில்லை. முதல் நிலைப்பாடு இங்கே தளர்கிறது. இரண்டாவது திருத்தங்களோடு தாக்குப்பிடிக்கிறது.

## தீராதவையும் மதிப்பீடும்

தீராத கேள்விகள் குறைந்தது மூன்று உள்ளன. ஒன்று, அளவீடு. பின்பற்றுவோரின் கருத்தைக் கேட்டு அளக்கும்வரை, தலைமையையும் அதன் மீதான மதிப்பையும் பிரித்தறிய இயலாது. இரண்டு, காரணத் தொடர்பு. மேலாண்மை நடைமுறைகளைக் குலுக்கல் முறையில் புகுத்திச் சோதிக்க முடிந்தது போலத் தலைமையைச் சோதிப்பது கடினம். நன்றாக நடக்கும் நிறுவனம் நல்ல தலைவரை ஈர்க்கிறதா, நல்ல தலைவரால் நிறுவனம் நன்றாகிறதா என்பது பெரும்பாலும் குழப்பமாகவே இருக்கிறது. மூன்று, களம். கோட்பாடுகளில் பெரும்பாலானவை அமெரிக்கப் பெருநிறுவனங்களைப் பார்த்து எழுதப்பட்டவை. குடும்பத் தொழில்கள், கூட்டுறவுகள், அரசுத் துறைகள் ஆகியவற்றில் அதிகாரம் வேறு வழிகளில் ஓடுகிறது. அங்கே இந்தப் பிரிவினை எந்த அளவு பொருந்தும் என்பதற்குப் போதிய ஆய்வு இல்லை.

இதுவரை கிடைத்த சான்றுகளைக் கொண்டு இவ்வளவு சொல்லலாம். தலைமையும் மேலாண்மையும் வெவ்வேறு வேலைகள் என்ற கருத்து பயனுள்ளது, ஓரளவு ஆதாரமும் உடையது. அவை வெவ்வேறு மனிதரினங்கள் என்ற கருத்துக்கு ஆதாரம் மெலிவானது. அவற்றுள் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்ற தரவரிசைக்கு ஆதாரம் இன்னும் மெலிவானது. ஆகவே ஆள் தேர்விலும் பயிற்சியிலும் ஈடுபட்டிருப்போர், எதிரில் இருப்பவர் தலைவரா மேலாளரா என்று கேட்பதை விட்டுவிட்டு, தம் நிறுவனத்தில் இப்போது எந்த வேலை நடக்காமல் கிடக்கிறது என்று முதலில் கேட்பது நல்லது. நடைமுறை சீர்குலைந்த இடத்தில் தலைமைப் பயிற்சிக்குச் செலவிடும் பணம் வீணாகவே வாய்ப்பு அதிகம்.